ஐந்து பேர், நூறு சதவீதம்

பேச்சை வைத்தே மனநோய் வரப்போவதைக் கணினி சொல்லிவிடும் என்ற நம்பிக்கையைப் பெரிதாக்கியது 2015இல் வெளியான ஒரு நியூயார்க் ஆய்வு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கில்லிண்டர் பேடி, செரில் கார்கரன், ஐபிஎம்மின் கில்லெர்மோ செக்கி முதலியோர் நடத்தியது. சைக்கோசிஸ், அதாவது நிஜம் எது என்ற பிடி தளர்ந்துபோகும் மனநோய், வரக்கூடும் என மருத்துவர்கள் கருதிய 34 இளையோரின் பேச்சைப் பதிவு செய்து, அவர்களை இரண்டரை ஆண்டு வரை கவனித்தார்கள். ஐந்து பேருக்கு நோய் வந்தது. அந்த ஐவரைக் கணினி ஒருவர் விடாமல் பிரித்துக் காட்டியது. நூறு சதவீதத் துல்லியம் என்றார்கள்.

முறை எளிமையானது. எந்தச் சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்பதை ஏராளமான எழுத்துகளிலிருந்து கணக்கிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் எண்களாலான ஓர் இடம் தருவார்கள். அந்த எண்களை வைத்து அடுத்தடுத்த இரு வாக்கியங்களுக்கு இடையே அளக்கும் தூரம் அதிகமானால் கோர்வை குறைகிறது என்று பொருள். ஒருவரின் பேச்சில் கோர்வை மிகவும் அறுந்த இடம் எது என்பதையும், வாக்கியங்களின் நீளத்தையும், இணைப்புச் சொற்களின் அளவையும் சேர்த்துத்தான் நியூயார்க்கில் கணித்தார்கள்.

இனி அந்த நூறைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். 34 பேரில் யாருக்குமே நோய் வராது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலும் 29 பேர் விஷயத்தில் சரியாக இருந்திருக்கும். அதுவே 85 சதவீதம். 2018இல் கார்கரன் குழு லாஸ் ஏஞ்சலிஸில் 59 பேரிடம் முயன்றபோது துல்லியம் 83 ஆனது. அங்கே பயிற்றுவித்த கணிப்பு முறையைப் பழைய நியூயார்க் குழுவிடமே ஓட்டிப் பார்த்தால் 79. கண்ணை மூடிக்கொண்டு சொன்னதைவிடக் குறைவு! நியாயமாகச் சொன்னால், கண்ணை மூடியவர் அந்த ஐவரில் ஒருவரையும் பிடிக்கமாட்டார். ஆகவே இரண்டும் ஒன்றல்ல. ஆனால் துல்லியம் என்ற ஒற்றை எண்ணை நீட்டி நம்மை மயக்க முடியாது என்பது உறுதி. இன்னொன்றும் நடந்தது. முதல் ஆய்வில் உதவிய வாக்கிய நீளம் இரண்டாவதில் காணாமல் போய், உடைமையைக் காட்டும் 'என்', 'உன்' போன்ற சொற்கள் குறைவது அடையாளமாகிவிட்டது. கோர்வைக் குறைவு மட்டுமே இரண்டிலும் நின்றது. எனக்கு நம்பிக்கை தருவதும் அது ஒன்றுதான்.

அந்தக் கோர்வையும் யாருடைய கோர்வை? "தூக்கம் எப்படிம்மா இருக்கு?" என்று டாக்டர் கேட்கிறார் என்று வையுங்கள். "பெரியவன் குடிச்சிட்டு வீடு வரவே பன்னெண்டாயிடுது" என்கிறார் அம்மா. கேட்ட எவருக்கும் பதில் புரிந்துவிடும். சொல் தூரத்தை மட்டும் அளக்கும் கணினிக்கோ தூக்கத்திலிருந்து குடிக்கு ஒரே தாவல். இன்றைய பெரிய மொழி மாதிரிகள் இதைப் பிடித்துவிடக்கூடும். ஆனால் எதை வைத்து முடிவுக்கு வந்தன என்று அவற்றிடமிருந்து தெரிந்துகொள்வது பழைய முறையைவிடக் கடினம்.

யாருடைய பேச்சு அளவுகோல் என்ற இந்தச் சிக்கல் மனச்சோர்வு ஆய்வுகளில் இன்னும் வெளிப்படை. சோர்வில் இருந்த அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் கட்டுரைகளில் 'நான்' என்பதை அதிகம் எழுதுவதாக ஸ்டெஃபனி ரூடும் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் 2004இல் காட்டினார்கள். அது கிட்டத்தட்ட விதியாகவே ஆகிப்போனது. 2024இல் ஃபேஸ்புக் பதிவுகளைப் பிரித்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு வெள்ளை அமெரிக்கர்களிடம் இருந்தது, கறுப்பின அமெரிக்கர்களிடம் இல்லை. ஒரே நாட்டில், ஒரே ஆங்கிலத்திலேயே இந்த நிலை. தமிழில் 'போனேன்' என்றாலே ஆள் உள்ளே இருக்கிறார். 'நான்' வந்தால் பெரும்பாலும் அழுத்தத்துக்காக. ஆங்கிலத்தில் தனி இணைப்புச் சொல் செய்யும் வேலையை 'நேற்று வந்த பையன்' என்று பெயரெச்சம் முடித்துவிடுகிறது. அங்கே எண்ணியதை இங்கே எண்ணினால் கிடைப்பது நோயின் அளவு அல்ல, இலக்கணத்தின் அளவு.

அப்படியானால் தூக்கிப் போடலாமா? வேண்டாம். பேச்சின் கோர்வை அறுவதில் தெரியும் சிந்தனைக் கோளாறை இன்று அளப்பது மருத்துவரின் காதுதான். ஒரே பேச்சுக்கு இரு மருத்துவர்கள் வேறுவேறு மதிப்பெண் தருவதுண்டு; நெரிசலான புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்குக் கிடைப்பதோ சில நிமிடம். ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவரின் பேச்சை, அவர் சம்மதத்தோடு, மூன்று மாதத்துக்கு முந்தைய அவருடைய பேச்சோடு ஒப்பிட்டு, "கோர்வை குறைந்திருக்கிறது, பாருங்கள்" என்று மருத்துவருக்குச் சொல்லும் கருவியாக இதை ஏற்கிறேன். அங்கே ஒப்பிடுவது அவரை அவரோடுதான்; மொழியும் வளர்ப்பும் பெரும்பாலும் மாறாதவை. யாரோ எழுதிய பதிவுகளை அலசி "இவருக்கு நோய் வரும்" என்று சொல்லும் கருவியாக ஏற்க மாட்டேன். நோய் அரிதாக உள்ள பொதுமக்களிடையே மிக நல்ல சோதனைகூட, பிடித்த நோயாளிகளைவிட அதிகமானோரைத் தவறாக மாட்டிவிடும். அந்தப் பட்டியல் வேலைக்கு ஆள் எடுப்பவர் கைக்கோ காப்பீட்டு நிறுவனத்தின் கைக்கோ போனால் திரும்ப வாங்க முடியாது. 2017ஆம் ஆண்டின் இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தைக் காக்கிறது. மருத்துவமனைப் பக்கமே போகாதவரைப் பற்றி ஒரு நிரல் போட்ட ஊகம் அந்தக் காப்புக்குள் எளிதில் அடங்காது.