பூவின் முதுகு

கடற்கரை மணலில் கொடியோடி இளஞ்சிவப்பாகப் பூத்திருப்பதையெல்லாம் அடம்பு என்று சொல்லிவிட்டு நடப்பது நம் வழக்கம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அதே மணலில், சில இடங்களில் அடம்போடு பின்னிக்கொண்டே, தம்பட்டை அவரையின் காட்டு உறவு ஒன்றும் படர்கிறது. அதுவும் இளஞ்சிவப்பு; அதுவும் தடித்த இலை. நின்று குனிந்தால் இலையே காட்டிக்கொடுத்துவிடும். அடம்பின் இலை நுனியில் பிளந்த ஒற்றை இலை, அவரைக்கு மும்மூன்று சிற்றிலைகள். இலையைக் கிள்ளினால் அடம்பில் பால் வரும், அவரையில் வராது. அவ்வளவில் வேலை முடிந்தது என்று கிளம்புகிறவர்கள் கிளம்பலாம். பூவையும் ஒரு தரம் புரட்டிப் பார்க்கிறவர்களுக்குத்தான் மேலே எழுதுவது.

அடம்பின் பிளந்த இலையை லின்னேயஸ் ஆட்டின் பாதமாகக் கண்டு பெயர் வைத்தார். குறுந்தொகையின் 243ஆம் பாடல் அதையே மானின் அடியாகக் கண்டது. இலையை விட, அந்தப் பாடல் பூவைப் பார்த்த விதம்தான் எனக்குப் பெரிது. குதிரையின் கழுத்து மாலையில் கோத்த மணி என்கிறது. முன்னால் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பவருக்கு அடம்பு ஒரு புனல். மணியாகத் தெரிய வேண்டுமென்றால் பக்கவாட்டிலோ பின்னாலோ இருந்து பார்த்திருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால்தான் வெளிப்புறத்தில் அடியிலிருந்து விளிம்பு வரை ஓடும் ஐந்து பட்டைகளும் கண்ணில் படும். மொட்டு முறுக்கிக்கொண்டிருக்கும்போது வெளியே தெரிவது இந்தப் பட்டைகள்தான். விரிந்த பிறகு, எந்த மடிப்பில் சுருண்டிருந்தோம் என்பதைப் பூ தன் முதுகில் எழுதி வைத்திருக்கிறது.

அவரைப்பூவின் முதுகில் வேறு கதை. அடம்புக்கு ஐந்து புல்லிகளும் தனித்தனி. இதற்கு ஒன்றாய்க் கூடிய குழல், அதன் வாயில் பெரிய உதடு ஒன்று. பூவும் தலைகீழாக நிற்கிறது. பெரிய இதழ் கீழே விரிந்து, வந்திறங்கும் கருவண்டுக்கு மேடை போட்டுக் கொடுக்கிறது. மகரந்தம் மேலிருந்து வண்டின் முதுகில் படிகிறது.

உப்பளச் சேற்றுக்கு வந்தால் வங்கராவசி. செடிநூலில் செசுவியம். பழவேற்காட்டிலும் முத்துப்பேட்டையிலும் வெடித்த களர்த்தரையைச் சிவந்த தண்டுகளால் மூடிக் கிடப்பது இதுதான். நகம் அளவு இளஞ்சிவப்பு நட்சத்திரங்கள். வயல் வரப்பில் வளரும் சாரணைக்கும் கிட்டத்தட்ட இதே பூ. லின்னேயஸ் இரண்டுக்கும் ஒரே சிறப்புப் பெயரைத்தான் கொடுத்தார். பிரிப்பது எளிது. சாரணையில் ஒவ்வொரு கணுவிலும் ஓர் இலை பெரிது, எதிரிலை சிறிது. பூ காம்பில்லாமல் இலையடி உறைக்குள் பாதி புதைந்திருக்கும். வங்கராவசியில் இலைகள் சமம், பூவுக்குக் காம்பு உண்டு. இரண்டிலும் நான் ரசிப்பது ஒன்றேதான். அந்த நட்சத்திரத்தைத் திருப்பினால் பின்பக்கம் பச்சை! நாம் இதழ் என்று எண்ணியது இதழே அல்ல. இந்தச் செடிகளுக்கு அல்லி இதழ் கிடையாது. புல்லியே உள்பக்கம் மட்டும் சாயம் ஏற்றிக்கொண்டு பூவாக நடிக்கிறது. ஒவ்வொரு முனைக்கும் சற்றுக் கீழே, பச்சைப் பக்கத்தில், ஒரு குட்டிக் கொம்பும் வைத்திருக்கிறது. முன்னால் இருந்து பார்க்கிறவருக்கு அந்தக் கொம்பு பெரும்பாலும் தப்பிப்போகும்.

இனி மரங்கள். பூவரசையும் நீர்ப்பருத்தியையும் தள்ளி நின்றபடியே பிரித்துச் சொல்கிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. இரண்டும் கழிமுகத்தை விரும்புபவை. இரண்டுக்கும் இதய வடிவ இலை, மஞ்சள் பூ, பூவின் ஆழத்தில் கருஞ்சிவப்பாக ஒரு கண். 1753இல் லின்னேயஸும் இரண்டையும் செம்பருத்தியோடு சேர்த்து ஹைபிஸ்கஸ் என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்தார். பூவரசு பிற்பாடுதான் தெஸ்பீசியா என்று தனிக்குடித்தனம் போனது.

பூவைக் காம்போடு பறித்துக் கவிழ்த்துப் பாருங்கள். பூவரசின் புல்லிவட்டம் விளிம்பு மழுங்கிய சிறு கிண்ணம். மடல் கிடையாது, உற்றுத் தேடினால் விளிம்பில் ஐந்து முனைகள் இருந்தும் இல்லாமலும் தட்டுப்படும். மொட்டில் அதற்கு அடியில் மூன்று சிற்றிலைகள் ஒட்டியிருக்கும், பூ விரிவதற்குள் அவை பெரும்பாலும் உதிர்ந்துவிடும். நீர்ப்பருத்தியில் புல்லி ஐந்து கூரிய மடல்களாகப் பிரிந்திருக்கிறது. அதற்கும் வெளியே, பல பற்கள் கொண்ட இன்னொரு சிறு கோப்பை. அது உதிர்வதில்லை. முன்பக்கம் திருப்பினால் நடுத்தண்டின் நுனியிலும் அதே பேதம்தான். பூவரசில் சூல்முடி ஒன்றாகத் திரண்டிருக்கும். நீர்ப்பருத்தியில் கருஞ்சிவப்பாக ஐந்து பொட்டுகள் தனித்தனியே நிற்கும்.

நிறம் மாறுவதில் இரண்டும் கெட்டிக்கார மரங்கள், ஆனால் ஒரே வழியில் அல்ல. நீர்ப்பருத்தி காலையில் மஞ்சள், பிற்பகலில் காவி, மாலையில் சிவப்பு. அந்தச் சிவப்போடு உதிரும். அந்தி நேரத்தில் மரத்தடியில் சிவப்பும் கிளையில் மஞ்சள் மொட்டுமாக இருந்தால் அது நீர்ப்பருத்தி என்று துணிந்து சொல்லலாம். பூவரசு அவசரப்படுவதில்லை. வெளிர்மஞ்சள் மெல்ல மங்கி, ஊதா கலந்த ஒரு பழைய சிவப்பாகி, கிளையிலேயே சுருங்கி வாடும். புதுப் பூவும் வாடிய பூவும் ஒரே கொம்பில் இருப்பதால், இரு வேறு நிறங்களில் பூக்கிற மரமோ என்று புதியவர்கள் கேட்பதுண்டு.

இலைக்கும் முதுகு இருக்கிறதே. நீர்ப்பருத்தி இலையின் அடிப்பக்கம் சாம்பல் வெள்ளையாக மென்மயிர் அடர்ந்தது. பூவரசு இருபுறமும் வழுவழுப்பு. பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளை நம் ஊரில் உண்டா? கொழுக்கட்டை அவிக்கவும் அதே இலைதான். மயிர் படிந்த இலையை உதட்டில் வைக்க யாருக்கும் தோன்றாது. நீர்ப்பருத்தியின் தளிரைப் பெரிய இலையடிச் செதில்கள் மூடியிருக்கும். அவை விழுந்த பிறகு தண்டைச் சுற்றி மோதிரம் போலத் தழும்பு நிற்கும். பூவரசின் கிளையில் அந்த மோதிரத்தைப் பார்க்க முடியாது. பூவே இல்லாத பருவத்திலும் இந்த ஓர் அடையாளம் கைகொடுக்கும்.

காயில் குழப்பமே இல்லை. பூவரசங்காய் தட்டையான உருண்டை, குச்சி செருகினால் பம்பரம். பச்சைக் காயைக் கீறினால் பளிச்சென்ற மஞ்சள் பிசின் வரும். வெடிக்காமல் அப்படியே காய்ந்து கறுக்கும். நீர்ப்பருத்திக் காய் ஐந்தாக வெடிக்கும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு வம்பு பாக்கி இருக்கிறது. நாம் பூவரசு என்று சொல்லிக்கொண்டிருப்பதற்கு இந்தியப் பெருங்கடல் கரைகளில் மிக நெருங்கிய இன்னொரு இனம் உண்டு, ராக்ஸ்பர்க் விவரித்தது. தாவரவியலாளர்கள் ஃபாஸ்பெர்க்கும் சாஷேயும் 1972இல் இந்தச் சிக்கலுக்கென்றே ஒரு தனிக் கட்டுரை எழுதினார்கள். அந்த இன்னொரு இனத்தின் இலையில் செம்பு நிறச் சாயல் இருக்கும், இலையடி அவ்வளவு ஆழமாக வெட்டுப்பட்டிருக்காது. காயின் வெளித்தோல் மட்டும் பிளக்கும், உள்தோல் பிளக்காது. பூக்காம்பு நீளம் என்பதால் பூ தலைகவிழ்ந்து தொங்கும். ஆகவே இதன் முதுகைப் பார்க்க மட்டும் பறிக்க வேண்டியதில்லை. கீழே நின்று அண்ணாந்தால் முகம், எட்டித் தாழ்த்திய கிளையில் முதுகு.