ஆர்ஃபியசின் நரம்பும் கிடங்கில் யாழும்

கிரேக்கப் புராணத்து ஆர்ஃபியஸ் நரம்பை மீட்டினால் கொடு விலங்கும் அடங்கும். இறந்த மனைவியைத் தேடிக் கீழுலகம் புகுந்தபோது அவ்வுலகத்து அரசனும் மனமிளகினான். உரோமைச் சுரங்கக் கல்லறைகளில் தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் மீட்பரையே இவன் சாயலில் தீட்டினர். பதினாறாம் நூற்றாண்டின் இசைவாணர்களும் இவனைத் தம் முன்னோனாகக் கொண்டதில் வியப்பில்லை.

லூயிஸ் மிலான் 1536இல் வலென்சியாவில் வெளியிட்ட 'எல் மேஸ்த்ரோ' என்னும் நூலில், ஆர்ஃபியஸ் ஸ்பானியரின் விகுவெலாவை மீட்டும் படம் உள்ளது. விகுவெலா கித்தாரின் வடிவும் லூட்டின் சுருதியமைப்பும் கொண்ட கருவி. பார்வையற்ற கலைஞர் மிகேல் தெ புயென்யானா 1554இல் செவில் நகரில் அச்சிட்ட தம் தொகுப்புக்கு 'ஆர்ஃபியசின் யாழ்' என்று பொருள்படப் பெயரிட்டார். ஆனால் நூலைத் திறந்தால் நாம் காண்பது பெரும்பாலும் புராணக் கதையன்று. மிலானிடம் தனியொருவர் மீட்டும் கற்பனை இசை; புயென்யானாவிடம், பலர் கூடிப் பாடும் திருப்பலிப் பாடல்களும் துதிப்பாடல்களும் ஒரே கருவிக்கு இசைந்து நிற்கின்றன. வாயிலில் புராணம், உள்ளே மன்றாட்டு. இதை முரண்பாடு என்று நாம் கருதவில்லை. தனியொருவரின் விரல்கள் கல்மனத்தையும் கரைக்கும் என்ற நம்பிக்கைக்கே ஆர்ஃபியஸ் அடையாளமானான்.

நம் மண்ணிலும் யாழ் ஒலித்தது. விழுப்புரம் மாவட்டத்துத் திண்டிவனத்தை அடுத்த கிடங்கில், ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனிடம் பாணனை ஆற்றுப்படுத்தி நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகள் கொண்டது. யாழின் தண்டில் இறுகியும் நெகிழ்ந்தும் சுற்றிய வார்க்கட்டுக்கு, குரங்கின் பிடியில் அகப்பட்ட பாம்பைப் புலவர் உவமை கூறுகிறார். அவர் காட்டும் கலைஞன் விலங்குகளை அடக்கும் வீரனல்லன், பசித்தவன். அவன் வீட்டு அடுக்களையில் நாய் குட்டி ஈன்று கிடக்கிறது. மனைவி உப்பின்றிக் கீரை வேகவைத்து, அயலார் காணாதபடி கதவடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். கலைஞனின் வறுமையை இத்துணை நேராகப் பார்த்ததில், ஆர்ஃபியசின் கதையினும் இப்பாட்டு உயர்ந்தது என்பதே நம் துணிபு.

எனினும் ஒரு குறை நெஞ்சை உறுத்துகிறது. ஸ்பானியர் நரம்புகளைக் கோடுகளாக வரைந்து, விரல் அழுத்தும் இடத்தை எண்களால் குறித்தனர். விகுவெலா வழக்கொழிந்தும் 1536 முதல் 1576 வரை அச்சான ஏழு நூல்களால் அதன் இசை இன்றும் உயிர்க்கிறது. நமக்கோ யாழின் வருணனை எஞ்சியது. பாணன் மீட்டிய பண் எஞ்சவில்லை. விபுலானந்த அடிகள் 'யாழ் நூல்' (1947) வழியே கருவியையும் அதன் சுருதிகளையும் கணக்கிட்டுக் காட்டினார். எந்தக் கணக்கும் பாணனின் விரல் சென்ற வழியை மீட்டுத் தராது.

நம் பங்குகளில் முதியோர் தவக்காலத்தில் பாடும் புலம்பல்களின் சொற்கள் பழைய ஏடுகளில் உள்ளன. மெட்டுகள் பலவும் அவர்கள் தொண்டையில் மட்டுமே உள்ளன. சுரம் அறிந்த இளைஞர்கள் அவர்கள் அருகில் அமர்ந்து கேட்டு எழுதி வைக்கட்டும். அடுத்த தவக்காலம் வரை காத்திருக்க வேண்டுவதில்லை.