காடும் கழனியும்: இருளர் குறித்த நூல்களில் இடம் என்னும் சிக்கல்

ஆப்பிரிக்க மழைக்காட்டுப் பிக்மி மக்களைப் பற்றிய நூல்களுள் பரவலாக வாசிக்கப்பட்டது, காலின் டர்ன்புல் எழுதிய ‘தி ஃபாரஸ்ட் பீப்பிள்’ (1961). காங்கோவின் இட்டூரிக் காட்டில் வாழும் இம்புட்டி மக்களை அந்நூல் காட்டின் பிள்ளைகளாகக் காட்டுகிறது. அருகிலுள்ள வேளாண் குடியினரின் ஊர், அதில் எதிர்நிலை உலகமாக நிற்கிறது. ஊருக்குள் இம்புட்டியர் செய்யும் பணிவிடையும் சடங்கும் வெறும் பாவனையென்றும், காடு திரும்பியதும் அவர்கள் தம் இயல்புக்கு மீள்கின்றனர் என்றும் டர்ன்புல் கருதினார். ராய் ரிச்சர்ட் கிரிங்கரின் ‘ஹவுசஸ் இன் த ரெயின்ஃபாரஸ்ட்’ (1994) இப்பிரிவினையை மறுக்கிறது. லெசே என்னும் வேளாண் குடியினரையும் எஃபே என்னும் வேட்டைக் குடியினரையும் ஒரே ஆய்வுப் பொருளாகக் கொண்டு, இவ்விரு இன அடையாளங்களும் லெசேயரின் வீட்டைச் சுற்றிய கொடுக்கல் வாங்கலில் உருப்பெறுவதை அது விளக்குகிறது. டர்ன்புல்லின் நடையழகு கிரிங்கரிடம் இல்லை. ஆயினும் அவர் எழுப்பிய வினா வலிமையானது. தமிழகத்தில் இருளர் குறித்து எழுதப்பட்டவற்றை மதிப்பிட அவ்வினாவே உதவுகிறது.

எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’, நீலகிரி இருளரையும் செங்கற்பட்டு, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டங்களின் சமவெளி இருளரையும் தனித்தனியே விவரிக்கிறது. மூக்கையும் உயரத்தையும் அளந்து மக்களை வகைப்படுத்திய அந்நூலின் நோக்கு இன்று ஏற்கத்தக்கதன்று. எனினும் சமவெளி இருளருக்கு அது இடமளித்தது என்பதை மறுக்கவியலாது. பின்வந்த புலமை மலையையே நாடிற்று. கமில் சுவலபில் 1973 முதல் வெளியிட்ட இருள மொழி ஆய்வுகளும், நீலமலை இருளர் பற்றிய 1988ஆம் ஆண்டு நூலும் மதிப்புமிக்கவை. நீலகிரியில் பேசப்படும் இருளம் தனித்த திராவிட மொழி என்பதை நிறுவியதில் அவற்றின் பங்கு பெரிது. ஆனால் சமவெளி இருளர் பேசுவது தமிழ். தனிமொழி தேடும் ஆய்வாளர் கண்ணில் அவர்கள் பாதி கரைந்துபோனவர்களாகவே தென்படுவர். பிக்மி மக்களுக்கும் இதே நிலைதான்: அவர்களுள் பெரும்பாலோர் பேசுவது அண்டை வேளாண் குடியினரின் மொழிகளையே.

திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் ஏரிப்பாசன நிலம். இங்கு இருளரின் வாழ்வு அடர்காட்டைச் சார்ந்ததன்று. முட்புதர், ஏரிக்கரை, வயல்வரப்பு ஆகியவற்றைச் சார்ந்தது. எலி பிடித்துக் கொடுப்பதும், வளையில் சேர்ந்த நெல்லைத் தோண்டி எடுத்துக்கொள்வதும், தோப்புக் காவலும், விறகு வெட்டுதலும் உழவரோடு கொண்ட உறவின் வடிவங்கள். அவ்வுறவு சமமானதன்று, அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் முன்பணத்தால் பிணைக்கப்பட்ட கொத்தடிமை முறையாகவும் அது நீண்டது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் ஆலை இயங்கத் தொடங்கியது. சிப்காட் வளாகங்கள் வயல்வெளியின் மீது பரவின. வயல் இல்லாத இடத்தில் எலி வளை இல்லை. வளையில் சேரும் நெல்லும் இல்லை. நிலம் இழந்த உழவருக்கு இழப்பீட்டுக் கணக்கு உண்டு. அந்நிலத்தில் உரிமையின்றிப் பிழைத்தவருக்கு எந்தக் கணக்கும் இல்லை.

காட்டை மையமாக்கும் எழுத்து வெறும் புலமைக் குறையாக நின்றுவிடவில்லை. பட்டியல் பழங்குடியினரைத் தீர்மானிக்க 1965இல் லோகூர் குழு முன்வைத்த அளவுகோல்களுள் தொன்மைக் கூறுகள், தனித்த பண்பாடு, புவியியல் தனிமை, வெளியாரோடு பழகக் கூசுதல் ஆகியன அடங்கும். இவை இனவரைவியல் நூல்களின் அத்தியாயத் தலைப்புகளைப் போல ஒலிப்பது தற்செயலன்று. 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நடைமுறை, சான்றிதழ் கோருவோரின் தெய்வம், சடங்கு, மணமுறை, ஈமமுறை ஆகியவற்றை விசாரிக்கச் சொன்னது. இப்பண்பாட்டு ஒப்புமைச் சோதனை இறுதி உரைகல் ஆகாது என்று அந்நீதிமன்றமே 2023இல் தெளிவுபடுத்தியது. இடைப்பட்ட காலத்தில், நூலில் உள்ளபடி வாழாதவர் மெய்யான பழங்குடியினரா என்ற ஐயத்திற்கு அலுவலக வலிமை கிடைத்திருந்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் வனநிலத்தில் வாழ்வோருக்கே பொருந்தும். ஏரிப் புறம்போக்கில் குடிசையிட்ட இருளர், 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆக்கிரமிப்பாளரே.

பாம்பு பற்றிய எழுத்துகளையும் இங்குக் கருத வேண்டும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து பாம்புத்தோல் வணிகம் முடங்கியபின், 1978இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நச்சுமுறி மருந்துக்கான நஞ்சை எடுத்து வழங்கிவருகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இரு இருளர்க்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இப்பெருமை முற்றிலும் தகுதியானது. ஆனால் இருளர் என்றதும் பாம்பு மட்டுமே நினைவுக்கு வருமாயின், அரிசி ஆலையின் நெற்களத்தில் நின்றவர் எந்த நூலிலும் இடம்பெறார்.

மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் இருளர் கூடிக் கன்னியம்மனை வழிபடுகின்றனர். அங்கேயே மணப்பேச்சும் திருமணமும் நடைபெறுகின்றன. சமயம் என்ற தலைப்பின்கீழ் சில வரிகளில் முடிக்கப்படும் நிகழ்வு இது. சிதறிய குடியிருப்புகளின் மக்கள் ஒருவரையொருவர் கண்டு உறவைப் புதுப்பிக்கும் அந்த மணற்பரப்பிலிருந்து ஓர் இனவரைவியலைத் தொடங்கினால், சமவெளி இருளரைக் காட்டிலிருந்து வழிதவறியவராக எழுத வேண்டிய தேவை எழாது.