தாயில்லாத நரம்புக்கலம்: குருத்துக்கல ஆய்வு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

மனித மூளை உருவாகும் விதத்தை, அது உருவாகும் காலத்திலேயே காண்பது மருத்துவ அறிவியலுக்கு நெடுங்காலம் எட்டாததாகவே இருந்தது. கருப்பையைத் திறந்து பார்த்தல் இயலாது. எலியின் மூளையோ மனித மூளையன்று. 2007 இல் ஷின்யா யமனாக்கா குழுவினர் வளர்ந்த மனிதரின் தோற்கலத்தை ஸ்டெம் செல் எனப்படும் குருத்துக்கலமாக மீளமைத்தமையும், 2012 இல் கிறிஸ்பர் என்னும் பரம்பரையலகு திருத்தும் உத்தி வெளிவந்தமையும் இந்நிலையை மாற்றின.

இம்முறையின் வலிமை ஒப்பீட்டிலேயே தங்கியுள்ளது. இருவேறு மனிதரின் கலங்களை ஒப்பிடுமிடத்து இலட்சக்கணக்கான பரம்பரை வேறுபாடுகள் குறுக்கிடும். ஒரே கலத்தில் ஒரு பரம்பரையலகை மட்டும் திருத்தி, திருத்தியதையும் திருத்தாததையும் அருகருகே நரம்புக்கலங்களாக வளர்த்தால், காணும் வேறுபாட்டுக்கு அவ்வொன்றே காரணம் எனத் துணியலாம். பிரஜைல் எக்ஸ் என்னும் நோய் இதற்குத் தக்க சான்றாகும். எக்ஸ் நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பரம்பரையலகில் மூவெழுத்துத் தொடரொன்று 200 தடவைக்கு மேல் திரும்ப வருமாயின் அவ்வலகு செயலிழக்கும். மூளைக்கு வேண்டிய புரதம் தோன்றாது. அறிவு வளர்ச்சி குன்றும். ஓட்டிசமும் பலரிடம் உடன்வரும். 2015 இல் கொரிய ஆய்வாளர் அம்மிகைத் தொடரை வெட்டி நீக்கியபோது அடங்கியிருந்த அலகு மீண்டும் தொழிற்பட்டது. அப்புரதம் அற்ற மனித நரம்புக்கலங்களின் மின்துடிப்பு மாறுபடுவதைப் பெங்களூர் ஆய்வாளர் எடின்பரோவினருடன் இணைந்து 2020 இல் வெளியிட்டனர்.

எனினும், ஒன்றைத் தவிர ஏனைய யாவும் சமம் என்னும் நிபந்தனை ஆய்வுகூடத்துக்கு வெளியே எங்கே நிறைவேறுகிறது? கிண்ணத்தில் வளரும் நரம்புக்கலத்துக்குத் தாய் இல்லை. அதற்குரிய ஊட்டம் அளந்து வார்க்கப்படுகிறது. 2009 மே மாதத்தில் நந்திக்கடலுக்கும் இந்து சமுத்திரத்துக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்கால் மணற்றிட்டில் நெருக்குண்டிருந்த கர்ப்பிணிகளுக்கு உணவும் மருந்தும் அரிதாயிருந்தன, கஞ்சியே உயிர்தாங்கியது, ஷெல் வீச்சு ஓயவில்லை. அன்று கருவிலிருந்தோர் இன்று பதின்பருவத்தினர். அவர்களது மூளை உருவான சூழலில் திருத்தப்பட்ட பரம்பரையலகு எதுவுமில்லை. பட்டினியும் அச்சமும் இருந்தன. இவை பொருட்படுத்தத்தக்க காரணிகள் என்பதற்கு ஒல்லாந்தின் 1944-45 குளிர்காலப் பஞ்சம் சான்று. அதன் உச்சத்தில் கருவுற்றோரிடையே உளப்பிளவு நோய் ஏறத்தாழ இருமடங்கானது.

இதனால் எல்லாவற்றையும் போரின்மேல் ஏற்றிவிடலாமா? அதுவும் ஆய்வறிவுக்கு ஒவ்வாத சோம்பலே. வன்னியில் பேச்சுப் பிந்திய பிள்ளையைக் கண்டால் ஒருவர் ஷெல் அதிர்ச்சி என்பார். இன்னொருவர் தாயின் பழவினை என்பார். இருவருமே வினாவை மூடிவிடுகின்றனர். அது பிரஜைல் எக்ஸாக இருக்குமாயின் தாய் அதனைக் காவுபவளாக இருப்பாள். அடுத்த பிள்ளைக்கும் அது செல்வதற்குச் சரிபாதி வாய்ப்புண்டு. அவளுடைய சகோதரிகளும் அறியவேண்டிய செய்தி அது. இரத்தப் பரிசோதனையொன்று சொல்லக்கூடியதைப் போர் என்னும் பெருஞ்சொல் மறைத்துவிடக்கூடாது.

ஆய்வுகூடத்தினர் இக்குறையை உணராமலில்லை. குருத்துக்கலத்திலிருந்து வளர்த்த மூளையுருக்களில், மன அழுத்த ஹோர்மோனை ஒத்த மருந்தைச் செலுத்தி நோக்கிய ஜேர்மன் ஆய்வொன்று 2022 இல் வெளிவந்தது. வரவேற்கத்தக்க முயற்சி; ஆயினும் சில நாட்களுக்கு அளந்து கொடுத்த மருந்து, மாதக்கணக்கான பசிக்கு ஈடாகாது. ஒல்லாந்தில் பங்கீட்டு உணவின் அளவும் பிறப்புகளும் பதிவாகியிருந்தமையாலேயே அவ்வாய்வு கைகூடிற்று. முள்ளிவாய்க்காலிலோ எத்தனை பேர் இருந்தனர் என்பதே சர்ச்சைக்குரியதாயிற்று. எந்த மாதத்தில் எத்தனை நாள் உண்ணாதிருந்தனர் என்பதை இன்று சொல்லக்கூடியோர் அத்தாய்மாரே. அவர்களிடம் கேட்பதற்குக் கிறிஸ்பர் தேவையில்லை.