படிக்கட்டில் விரித்த கைக்குட்டை

ஹெர்டா முல்லரைச் சர்வாதிகாரத்தின் சாட்சியாக மட்டும் வாசிப்பது எனக்குப் போதவில்லை. ருமேனியாவில் ஜெர்மன் பேசும் கிராமமொன்றில் 1953இல் பிறந்தவர். அப்பா ஹிட்லரின் எஸ்.எஸ். படையில் இருந்தவர். அம்மா சோவியத் உழைப்பு முகாமில் ஐந்தாண்டுகள் கிடந்தவர்.

இயந்திரத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது, உளவுத்துறைக்குத் தகவல் சொல்ல மறுத்தார். அறையைப் பறித்தார்கள். படிக்கட்டில் கைக்குட்டையை விரித்து, அகராதிகளோடு உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தார். வேலைக்கு வந்த பெண் தன் இருக்கையை விட மறுத்ததாகவே இதை என் மாணவிகளுக்குச் சொல்வேன். அப்போது அவரையே உளவாளி என்று வதந்தி கிளப்பினார்கள். சக ஊழியர்கள் நம்பினார்கள்.

இன்னொரு பழி சொந்த சனத்திடமிருந்து வந்தது. 1982இல் தணிக்கையோடு வெளியான முதல் நூல் ‘நீடெருங்கன்’, ஊரின் குடியையும் அடியையும் இறுக்கத்தையும் ஒரு சிறுமியின் கண்ணால் சொன்னது. குடும்ப மானத்தைக் கெடுத்தவள் என்று ஊரார் கொதித்தார்கள். அரசுக்கும் ஊருக்கும் ஆகாது. ஆனால் இவரைத் துரோகி என்பதில் இருவரும் ஒன்று. விமர்சகர்கள் முதல் பழியைப் பேசிய அளவுக்கு இரண்டாவதைப் பேசுவதில்லை. பெண் எழுத்தை வாசிக்கும் நமக்கு அதுவே முக்கியம்.

1987இல் மேற்கு ஜெர்மனிக்குப் போனார். பத்திரிகைச் சொற்களை வெட்டி ஒட்டிச் செய்யும் கவிதைகள், மொழிபெயர்ப்பில், என் மனதில் அவ்வளவாக ஒட்டவில்லை. 2009 நோபல் உரை அப்படியல்ல. தினமும் காலையில் வாசலில் அம்மா கேட்ட கேள்வியோடு அதைத் தொடங்கினார்: கைக்குட்டை இருக்கிறதா என்று. அந்த வீட்டில் பாசத்துக்கு வேறு சொல் இருக்கவில்லை.