இத்தாலிய வினைவடிவங்களில் அசையும் அழுத்தமும்: ஈற்றயல் விதியின் போதாமை

இத்தாலிய மொழியில் அழுத்தம் பெரும்பாலும் ஈற்றயலசையில் அமையும் என்பது அறிமுக இலக்கணங்கள் கூறும் பொதுவிதி. வினைவடிவங்களின் அமைப்பை விளக்க இவ்விதி போதுமானதன்று.

'பார்லாரே' (பேசுதல்) என்னும் வினையின் நிகழ்காலத்தில், மூவிட ஒருமையிலும் படர்க்கைப் பன்மையிலும் அழுத்தம் வினையடியில் நிற்கிறது. தன்மை, முன்னிலைப் பன்மைகளில் விகுதிக்குப் பெயர்கிறது. 'பார்-லா' (பேசுகிறான்), 'பார்-ல-னோ' (பேசுகிறார்கள்) ஆகும்போது அசை ஒன்று கூடினும் அழுத்தம் முதலசையை விட்டு நீங்குவதில்லை. 'கா-பி-த-னோ' (நேர்கின்றன) என்பதில் அது ஈற்றிலிருந்து நான்காம் அசையில் உள்ளது. ஈற்றயலில் அழுத்தம் பெறும் 'க-பி-தா-னோ' (தலைவன்) என்னும் பெயர்ச்சொல்லும் எழுத்தில் இதே வடிவினது. ஈற்றசை அழுத்தமே கட்டாயமாகக் குறிக்கப்படுவதால் எழுத்து இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை.

அழுத்தம் அசைப்பிரிப்போடு இணைந்து வினையடியின் உயிரையும் மாற்றுகிறது. 'வெனீரே' (வருதல்) வினையில் 'வியே-னே' (வருகிறான்) இணையுயிர் பெறுகிறது; அங்கு அழுத்தமுள்ள அசை உயிரில் முடிகிறது. 'வென்-கோ' (வருகிறேன்) என்பதில் அழுத்தமுள்ள அசை மெய்யில் முடிகிறது. 'வெ-னியா-மோ' (வருகிறோம்) என்பதில் வினையடிக்கு அழுத்தமில்லை. 'சுவொனாரே' (இசைத்தல்) போன்றவற்றில் ஒப்புமையாக்கத்தால் இணையுயிர் அழுத்தமற்ற இடத்திலும் நிலைபெற்றிருப்பது இதன் எல்லையைக் காட்டும்.

எனவே நிகழ்கால வினை அழுத்தத்தை ஈற்றிலிருந்து எண்ணும் முறை விளைவை மட்டுமே பதிவு செய்கிறது. வினையடி, விகுதி என்னும் பகுப்பிலிருந்து தொடங்கும் விளக்கமே அதன் காரணத்தைப் புலப்படுத்தும்.