பன்னிரண்டு கோடுகள் சொல்லாதது

ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய நிசான் லீஃப் விற்பனைக்கு வந்தால் விளம்பரத்தில் வருடம் இருக்கும், ஓடிய கிலோமீட்டர் இருக்கும், கூடவே ‘பேட்டரி 12 கோடு’ என்று இருக்கும். வண்டியை விற்றுக் கொடுப்பது அந்தக் கடைசி எண்தான். எனக்குச் சந்தேகமும் அதன்மேல்தான்.

டேஷ்போர்டின் வலது ஓரத்தில் தெரியும் இந்தக் கோடுகள் பேட்டரியின் கொள்ளளவைக் காட்டுபவை (சார்ஜைக் காட்டும் கோடுகள் வேற, குழப்பிக்காதீங்க). ஆனால் எல்லாம் ஒரே அளவு இல்லை. முதல் கோடு மறைய சுமார் 15 சதவீதம் தேயணும். அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் சுமார் 6 சதவீதம் போதும். ஆக, 12 கோடு காட்டும் ரெண்டு வண்டியில் ஒன்று புதுசு மாதிரி இருக்கலாம், இன்னொன்று அடுத்த மாதமே 11க்கு இறங்கலாம். போதாக்குறைக்கு, மென்பொருள் வழியாக இந்தக் கணக்கை அழித்து மறுபடி 12 ஆக்கவும் முடியும். சில வாரம் ஓட்டினால் பழையபடி இறங்கிடும், அதற்குள் பணம் கைமாறியிருக்கும்.

‘ஒரு சார்ஜுக்கு 200 கிலோமீட்டர்’ என்பதும் அப்படித்தான். அது 24 கிலோவாட் மணி பேட்டரி வைத்த முதல் மாடலுக்கு ஜப்பானியச் சோதனை முறை தந்த எண். அதே காலத்து லீஃபுக்கு அமெரிக்க முறை தந்தது 117. அதுவும் புது வண்டிக்கு!

வருடமும் கிலோமீட்டரும்கூட பாதிக் கதைதான். இந்தப் பழைய லீஃபின் பேட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு கிடையாது. வெயிலில் நின்ற வண்டி சீக்கிரம் தேயும்.

லீஃப்ஸ்பை செயலியில் வரும் ஆரோக்கியச் சதவீதமும் அழித்த கணக்கிலிருந்தே வரலாம். அதனால் அதில் செல்களுக்கு இடையிலான வோல்டேஜ் வித்தியாசத்தைப் பாருங்க, மேட்டில் ஏறும்போது பாருங்க. அப்புறம் முழுசா சார்ஜ் ஏற்றி, 20 சதவீதம் வரும் வரை ஓட்டிப் பார்க்கக் கேளுங்க. “தெருமுனை வரை ஓட்டினா போதாதா?” என்பவரிடம் நான் விலையே பேச மாட்டேன்.